கொலுப் பெட்டியும் கோல நோட்டும்: உள்ளலங்கார வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்துதரும் வடிவமைப்பாளர்களுக்கு,

தமிழ் வீட்டுக்கு அழகு சேர்த்த பொருள்களில் பெரும்பங்கு பெண்கள் தம் கையால் செய்தவை அல்லது சிறுமிகளாக இருந்தபோது விளையாடியவை. கோலம், கொலுப் பொம்மை, சொப்புச் சாமான், மரப்பாச்சி, மணித் தோரணம், குரோஷா உறை, வயர்க் கூடை, ஓலைக் கொட்டான், பூவேலை செய்த தலையணை உறை எல்லாம் இந்த வகை. தூணையும் நிலையையும் உத்தரத்தையும் பற்றிக் கட்டடக் கலை நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மத்தியான வேளையில் திண்ணையிலோ ரேழியிலோ உட்கார்ந்து கோத்த மணிக்கிளிக்கு அந்த நூல்களில் இடம் கிடைத்தது அரிது. வீட்டுக்கு வருபவரின் கண் முதலில் போய் நிற்பது என்னவோ அந்தக் கிளியில்தான்.

இன்றைய அடுக்கக வீடுகளில் இவற்றில் பெரும்பாலானவை பரணில் இருக்கின்றன. வரவேற்பறை சாம்பலும் வெள்ளையுமாக, ஒரே மாதிரியான லேமினேட் அலமாரிகளோடு முடிந்துவிடுகிறது. விளையாட்டும் பழைய நினைவும் பெண்மையும் கலந்த அறை வேண்டும் என்று ஒருவர் கேட்டால், ரோஜா நிறச் சுவரும் லேஸ் திரையும் இறக்குமதிப் பூச்சாடியும் பட்டியலில் ஏறுகின்றன. அந்தப் பட்டியல் வேறு ஏதோ ஒரு நாட்டுப் பாட்டியின் வீட்டை நினைவூட்டும். வாடிக்கையாளரின் அம்மா வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை. அளவெடுக்கும் நாடாவைப் பிரிப்பதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை. பரணிலிருந்து இறங்கும் பொருளுக்கு ஏற்ப அறையைத் திட்டமிட முடியும். அதற்கு ஒவ்வொரு பொருளும் எதனால் ஆனது, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்ற அறிவு வேண்டும். கீழே வருவது அந்த அறிவின் சுருக்கம்.

வாசலிலிருந்து தொடங்கலாம். பொடிக்கோலம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடி இறங்கும் வேகத்தைப் பொறுத்தது. ஈரக்கோலம் என்னும் மாக்கோலத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து நைய அரைத்து, நீர்க்கக் கரைத்து, அதில் நனைத்த சிறு துணியைப் பிழிந்தபடி மோதிர விரல் வழியாகக் கோட்டை இழுப்பார்கள். போடும்போது கோடு மங்கலாகத் தெரியும். காய்ந்த பிறகே வெண்மை எழும்பும். ஓரத்தில் காவி கட்டினால் அந்த வெண்மை இன்னும் எடுப்பாகும். புள்ளிக் கோலத்தில் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று இரண்டு அடுக்கு முறைகள் உண்டு. ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்று கோல நோட்டில் எழுதியிருந்தால், நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்த வேண்டும் என்று பொருள். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள். உருவம் ஆறு பக்கமும் சமமான அறுகோணம். இவ்வளவு கணக்கையும் ஒரே வரியில் குறித்துவைத்த பெண்களின் கைவேலை இது. கோலத்துக்கு இடம் ஒதுக்காத வாசலை முழுமையான வாசல் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

தவறு பெரும்பாலும் தரையில் நேர்கிறது. மெருகேற்றிய விட்ரிஃபைடு தரையில் பொடி பிடித்து நிற்காது. காற்றடித்தால் நகரும், கால் பட்டால் வழுக்கும். நிலைவாசலுக்கு முன்னால் மூன்றடிக்கு மூன்றடி மெருகேற்றாத கருங்கல்லோ கடப்பைக் கல்லோ பதித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கருமையான தளத்தில் வெண்பொடி நன்றாகத் துலங்கும். தண்ணீர் தெளித்துக் கூட்டுவதற்கு லேசான வாட்டமும் வேண்டும். பொது நடைபாதையில் கல்லை மாற்ற அடுக்ககச் சங்கம் ஒப்பாவிட்டால், செங்காவி பூசிய மரப்பலகை ஒன்றை வாசலோரம் வைக்கலாம். மணையில் கோலம் போடும் பழக்கம் உள்ள வீடுகளுக்கு இது புதிதாகவே தோன்றாது. ஒட்டிவிடும் பிளாஸ்டிக் கோலம் மட்டும் வேண்டவே வேண்டாம். அழித்து மறுநாள் வேறொன்று போடுவதில்தான் கோலத்தின் விளையாட்டே இருக்கிறது. ஒட்டிய கோலம் சில மாதங்களில் ஓரம் கிழிந்து அழுக்கேறிக் கிடக்கும். அரிசி மாவில் போட்டது எறும்புக்கும் குருவிக்கும் தீனியாவதைப் பார்த்து வளரும் வாய்ப்பும் வீட்டுக் குழந்தைகளுக்குப் போய்விடும்.

கோல நோட்டுக்கு மேலும் சில வரிகள் தேவை. பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் புள்ளி வைத்து, பேனாவால் இழைத்து, ஓரத்தில் யார் கற்றுக்கொடுத்தது என்று பெயரெழுதி வைத்த நோட்டுகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. விலைகொடுத்து வாங்கும் சுவர்ப்படத்தை விட இதில் ஒரு பக்கம் சட்டமிட்டு மாட்டத் தகுதி வாய்ந்தது. ஆனால் நோட்டைக் கிழிக்கக் கூடாது. நல்ல பிரதி எடுத்துச் சட்டமிட்டு, மூல நோட்டை அமிலமில்லாத தாளில் சுற்றி அலமாரியில் வைக்க வேண்டும். சூடாக்கி ஒட்டும் லேமினேஷன் பழைய தாளுக்குக் கேடு. ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது. மூலத்தையே மாட்ட விரும்பினால் வெயில் விழாத சுவராகப் பார்க்க வேண்டும். பேனா மை வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

இனி பொம்மை. புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் நவராத்திரியில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படிகட்டி வெள்ளைத் துணி விரித்து பொம்மை அடுக்குவது கொலு. மேல்படிகளில் தெய்வங்கள், நடுவில் மகான்கள், கீழே மனிதர்களும் கடைகண்ணிகளும் என்று ஏறத்தாழ ஓர் ஒழுங்கு உண்டு. காய்கறியும் பருப்பும் பரப்பிக் கடைபோட்ட செட்டியாரும் மனைவியும் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். படிக்குப் பக்கத்தில் குழந்தைகள் பூங்கா கட்டுவார்கள்: மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் வெந்தயமும் முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்துக் குளமாக்குவார்கள். இந்தப் பூங்காவைத் தமிழ்ச் சிறுமிகளின் முதல் உள்ளலங்காரப் பயிற்சி என்றே சொல்லலாம். அளவு, சமநிலை, பார்வைக்கோணம் எல்லாம் அதில் விளையாட்டாகவே கைவந்தன.

ஆண்டுக்கு ஒன்றாவது புதுப்பொம்மை சேர வேண்டும் என்பது வழக்கமானதால் ஒரு குடும்பத்தின் கொலுப் பெட்டி தலைமுறைக்குத் தலைமுறை கனத்துக்கொண்டே போகிறது. பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்கு அருகே விளாச்சேரி ஆகிய ஊர்களில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் பொம்மை செய்கிறார்கள். களிமண் பொம்மை கனம், விழுந்தால் உடையும், ஈரம் கண்டால் வண்ணம் உரியும். காகிதக் கூழ்ப் பொம்மை இலேசு, விழுந்தாலும் தாங்கும், பூச்சியும் கரையானும்தான் அதற்கு எதிரி. இந்த வேறுபாடு தெரிந்தால் எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். களிமண்ணைச் சமையலறைச் சுவருக்கும் குளியலறைச் சுவருக்கும் ஒட்டிய அலமாரியில் வைக்கலாகாது. காகிதக் கூழைத் தரைமட்ட அலமாரியில் அடைத்துப் பூட்டலாகாது.

ஒன்பது நாள் மட்டும் வெளியே வந்து மீதி நாளெல்லாம் பழைய வேட்டித் துணிக்குள் தூங்கும் பொம்மைகளுக்கு ஆண்டு முழுதும் இடம் தர முடியும். வழிபாட்டுக்குரியவற்றைக் குடும்ப வழக்கப்படி எடுத்துவைத்துவிட்டு, கடைக்காரர், கல்யாண ஊர்வலம், வாத்தியக்காரர்கள், குறவன் குறத்தி, விலங்குகள் போன்றவற்றை அறையில் நிறுத்தலாம். சன்னலடியில் உட்காரும் மேடையை இரண்டு மூன்று படியாக அமைத்தால் நாள்தோறும் அது உட்காரவும் புத்தகம் அடுக்கவும் உதவும். நவராத்திரிக்கு அதன்மேல் மடக்குப் படிகளைச் சேர்த்துக் கொலுவாக்கலாம். படியின் ஆழம் ஓரடிக்குக் குறையாமல் இருந்தால் நடுத்தர அளவுப் பொம்மை பின்னால் சாய்மானமின்றி நிற்கும். கண்ணாடிக் கதவு போட்டால் தூசி குறையும். ஆனால் எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டால் அறை அருங்காட்சியகமாகிவிடும். குழந்தையின் கை எட்டும் உயரத்தில் ஒரு தட்டாவது திறந்திருக்கட்டும்.

அந்தத் திறந்த தட்டுக்கு மிகவும் பொருத்தமானது தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. ராஜா ராணியாகச் சாய்ந்தாடும் வகையில் அடிப்பகுதி அரைக்கோளம். அதனுள் கனமான களிமண் நிரப்பியிருக்கும். மேற்பகுதி உள்ளீடற்ற காகிதக் கூழ். எடையின் மையம் மிகத் தாழ்வாக இருப்பதால் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். நடனப் பெண் பொம்மை வேறு வகை: பாவாடை, உடல், தலை என்று தனித்தனிப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் தொங்கி நிற்பதால் லேசாகத் தொட்டாலும் தலையும் இடுப்பும் தனித்தனியே ஆடும். மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்தால் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும். வரவேற்பறைக்கு வருபவர்கள் தயக்கம் விட்டுக் கைநீட்டித் தொடும் பொருள் இது ஒன்றே என்று துணிந்து சொல்லலாம். விளையாட்டுத்தன்மை வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதற்கு மேல் எதையும் தேட வேண்டியதில்லை.

மரப்பாச்சி ஆணும் பெண்ணுமாக ஜோடியாகவே வரும். புதுமணப்பெண் தொடங்கும் கொலுவுக்கு முதல் பொம்மையாகத் தாய்வீட்டார் இதைக் கொடுப்பது வழக்கம். செஞ்சந்தனத்தில் செய்தவை விலையுயர்ந்தவை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய அந்த மரத்தின் வெட்டுக்கும் வணிகத்துக்கும் இன்று கடுமையான சட்டக் கட்டுப்பாடு உண்டு. எனவே புதிதாக வாங்கும்போது செஞ்சந்தனம் என்று சொல்லி விற்பதை விசாரிக்காமல் வாங்க வேண்டாம். வேறு மரத்தில் கடைந்து சாயமேற்றியதே பெரும்பாலும் கிடைக்கும், அதில் குறையொன்றும் இல்லை. ஆண்டுதோறும் மரப்பாச்சிக்குப் பட்டுத் துணுக்கில் பாவாடையும் வேட்டியும் தைத்து, சமிக்கி ஒட்டி, மணி கோத்து மாலை போடுவது வீட்டுச் சிறுமிகளின் வேலை. பழைய ஜோடியோடு அந்த உடுப்புகளும் கிடைத்தால், அவற்றையும் சேர்த்துக் காட்சிக்கு வைப்பதே சரி. உடுப்பைக் கழற்றி மரத்தின் வழவழப்பை மட்டும் காட்ட ஆசைப்படுவது பொம்மையின் பாதிக் கதையைக் களைவதாகும்.

சொப்புக்கு அம்பாசமுத்திரம் பெயர்பெற்றது. அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு, இட்லிப் பானை என்று ஒரு முழுச் சமையலறையே கைக்குள் அடங்கும். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படியும். தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். கர்நாடகத்தின் சன்னபட்டணமும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவும் இதே அரக்குக் கலையில் தேர்ந்தவை. அங்கே வெட்பாலை மரத்தில் கடைகிறார்கள். அரக்கு வெப்பத்தில் இளகும், சாராயத்தில் கரையும். ஆகவே வெயில் நேராக விழும் சன்னல் திட்டில் வைக்க வேண்டாம். ஆல்கஹால் கலந்த துடைப்பு நீரால் துடைக்கவும் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியே போதும். சமையலறைச் சுவரில் நான்கு அங்குல ஆழத்தில் சிறு மாடங்கள் விட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொப்பு வைத்தால் பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பும் எரிவதுபோல் இருக்கும்.

கைவேலையில் முதலில் குரோஷா. வானொலிப் பெட்டிக்கும் பின்னர் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் உறையாகி, மேசை விரிப்பாகி, தட்டு மூடியான வெள்ளைப் பின்னல் இது. தென்கோடித் தமிழகத்தில் லேஸ் வேலைக்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைத்தொழிலும் உடன் போனது. வெளியிலிருந்து வந்த பின்னல்தான். ஆனாலும் மயிலும் அன்னமும் தாமரையும் அதில் நுழைந்ததும் இந்த மண்ணுக்குரியதாகிவிட்டது. லேஸ் திரைக்கு வெளிநாட்டுப் பட்டியல் புரட்டும் வடிவமைப்பாளர், வாடிக்கையாளரின் பெரியம்மா பின்னிய மேசை விரிப்பை முதலில் கேட்டுப் பார்க்கட்டும். பழுப்பேறியிருந்தால் மென்மையான சோப்பில் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, துண்டின்மேல் பரப்பி நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் கண்கள் இழுத்துக்கொள்ளும்.

செட்டிநாட்டுக் கொட்டான் பனையோலைக் குருத்தைச் சாயம் தோய்த்து ஆச்சிமார் முடைந்த கூடை. கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் வெற்றிலை பாக்கு, இனிப்பு வைத்துக் கொடுப்பதற்கானது. ஓரத்தில் குரோஷா விளிம்பும் மணிக் குஞ்சமும் சேர்த்து அழகு பார்ப்பார்கள். மங்கிப்போன இந்தக் கலைக்கு மு.ராம.ராம. பண்பாட்டு அறக்கட்டளை வழியாக விசாலாட்சி ராமசாமி உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே மறுவாழ்வு தந்தார். இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சாவி, தையல் சாமான், எழுதுபொருள் போட்டுவைக்க இதைவிட நல்ல பாத்திரம் இல்லை. ஓலை காய்ந்துபோனால் நொறுங்கும், ஈரத்தில் பூசணம் பூக்கும். குளிர்சாதனக் காற்று நேரே அடிக்காத இடம் பார்க்க வேண்டும்.

வயர்க் கூடையைக் கைவினைப் பட்டியலில் சேர்க்கப் பலர் தயங்குகிறார்கள். பிளாஸ்டிக் என்பது காரணம். அந்தத் தயக்கம் நியாயமற்றது. ஊசியும் தறியும் இல்லாமல் விரல்களாலேயே போடும் முடிச்சுகள் அவை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று ஒவ்வொரு பின்னலுக்கும் பெயர் உண்டு. பள்ளி விடுமுறையில் அக்காவிடம் தங்கையும் எதிர்வீட்டு அத்தையிடம் அக்காவும் கற்றுக்கொண்டவை. பல ஆண்டுகள் உழைக்கும், கழுவினால் புதிதாகும். செய்தித்தாள் போட, செடித்தொட்டி வைக்க, சலவைத் துணி சேர்க்க என்று பெரிய அளவில் பின்னச் சொன்னால் வீட்டிலிருந்தே பின்னித்தரும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இரண்டு வண்ணத்துக்கு மேல் கேட்காமலிருப்பது நல்லது. பின்னலின் வரி அப்போதுதான் தெரியும்.

பத்தமடைப் பாய், மதுரைச் சுங்குடி, நீலகிரித் தோடர் பூவேலை மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை.  கோரையை மெல்லியதாகக் கிழித்து நெய்யும் பத்தமடைப் பட்டுப்பாயில் மணமக்கள் பெயரை நெய்துதருவார்கள். பெற்றோரின் கல்யாணப் பாய் கிடைத்தால் அதைக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் நீளவாக்கில் பொருத்தலாம். சுங்குடியின் முடிச்சுப் புள்ளிகள் மெத்தை உறைக்கும் மெல்லிய திரைக்கும் பொருந்தும். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் செய்யும் பூவேலை இருபுறமும் பார்க்கத் தக்கது. அதை வெட்டி மெத்தைக்குத் தைப்பதைவிட முழுத் துணியாகவே சாய்வு நாற்காலியின்மேல் போட்டுவைக்கலாம்.

நிறத் தேர்வில் வெளிர் ரோஜாவுக்கும் வெளிர் ஊதாவுக்கும் அப்பால் போகத் துணிவு வேண்டும். தமிழ்ப் பெண்களுக்கு நிறங்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவை புடவைக் கடைகள்: கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி, அரக்கு, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு, மாந்துளிர், எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் புகழ்பெற்ற எம்.எஸ். நீலம். பெயின்ட் நிறுவனத்தின் எண்ணட்டையை நீட்டுவதற்குப் பதில் அலமாரியில் உள்ள பிடித்த புடவையை எடுத்துவரச் சொன்னால் வேலை எளிதாகும். அறையைப் புடவையாக எண்ணிக்கொண்டால் அளவும் தானே பிடிபடும்: உடலின் நிறம் சுவர்களுக்கு, கரையின் நிறம் சன்னல் சட்டத்துக்கும் தரையோரப் பட்டைக்கும், முந்தானையின் கொண்டாட்டம் ஒரே ஓர் இடத்துக்கு. முந்தானையை நான்கு சுவரிலும் விரித்துவிடும் வடிவமைப்பே அதிகம் காணப்படுகிறது. அறை திணறுவதற்குக் காரணம் அதுதான்.

சுவர்ப்படங்களில் ராஜா ரவிவர்மாவின் அச்சுப் படங்களுக்குத் தனியிடம் உண்டு. 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகம் லட்சுமியையும் சரசுவதியையும் எளிய வீட்டுச் சுவர்களுக்கும் கொண்டுவந்தது. பெண்கள் அந்தப் படங்களை அப்படியே விட்டுவிடவில்லை. அச்சிட்ட சேலையின்மேல் உண்மையான துணியை வெட்டி ஒட்டினார்கள், சரிகை வைத்தார்கள், நகைக்கு மணியும் சமிக்கியும் தைத்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படி உடுத்திய படங்கள் பீங்கான் சாடிகளுக்கும் வெளிநாட்டு எனாமல் தூக்குகளுக்கும் நடுவே அகப்படும். துணியும் மணியும் எழும்பி நிற்பதால் கண்ணாடி படத்தில் படாதபடி ஆழமான சட்டம் தேவை. சிவகாசி நாள்காட்டிப் படங்களும் இந்த வரிசையில் வரும். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவின் தெய்வ உருவங்கள் பல தலைமுறைப் பூசையறைகளின் முகமாகவே இருந்தன. பழைய நாள்காட்டி அட்டை மாமியார் பெட்டியில் கிடைத்தால் குப்பைக்குப் போகாமல் காப்பது வடிவமைப்பாளரின் கடமை.

ஊஞ்சலுக்கு ஆசைப்படாத வீடு இல்லை. ஆனால் இது ஒன்று மட்டும் அலங்காரத்துக்கு முன் கட்டுமானம். இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து ஆடும்போது கொக்கிகள் அவர்களின் எடையை மட்டும் தாங்கினால் போதாது. முன்னும் பின்னும் இழுக்கும் விசையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். கொக்கி உத்தரத்திலோ கூரைத் தளத்தின் கம்பிக்கட்டிலோ கான்கிரீட் ஊற்றும் முன்பே பிணைக்கப்பட வேண்டும். கட்டி முடித்த தளத்தில் துளைபோட்டுச் செருகுவதைக் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் செய்யவே கூடாது. அதற்கு வழியில்லாத அடுக்ககத்தில் தரையில் நிற்கும் சட்டத்தோடு கூடிய ஊஞ்சல் போதும். பலகைக்கு முன்னும் பின்னும் மூன்றடியாவது வெற்றிடம் விட வேண்டும்.

பல்லாங்குழியை விரித்தபடியே தேநீர் மேசையில் வைக்கலாம். வரிசைக்கு ஏழாக 14 குழி. சோழியோ புளியங்கொட்டையோ போட்டு வைத்தால் விருந்தினர் தாமே ஆடத் தொடங்குவார்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைப் போடும் வழக்கம் இருக்கிறது. அதன் பருப்பு கொடிய நஞ்சு. மேல்தோல் உடைந்தோ கடிபட்டோ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சிறு குழந்தை உள்ள வீட்டில் குன்றிமணிக்கு இடமில்லை. சோழியும் புளியங்கொட்டையும்கூடத் தவழும் குழந்தையின் தொண்டையில் சிக்கும் என்பதால் அந்த வயது தாண்டும்வரை உயரத்தில் இருக்கட்டும்.

பழைய வண்ணப்பூச்சும் இதேபோல் கவனிக்க வேண்டியது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய மரத்தொட்டிலும் பொம்மையும் அலமாரியும் ஈயம் கலந்தவையாக இருக்கக்கூடும். பழைமைத் தோற்றம் வேண்டி உப்புத்தாளால் சுரண்டினால் ஈயத் தூசி அறையெங்கும் பரவும். பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் மேலே தெளிந்த பூச்சு ஒன்று கொடுத்து, குழந்தை வாயில் வைக்காத உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். உரிகிற பொருளை வீட்டுக்குள் கொண்டுவராமலிருப்பதே நலம்.

கடைசியாக வாங்குவது பற்றி. பரணில் எதுவுமே மிஞ்சாத குடும்பங்கள் ஏராளம். வீடு மாறியபோதும் வெள்ளம் வந்தபோதும் போனவை, முதலிலேயே வாங்க வசதி இல்லாதவை என்று காரணம் பல. அவர்களுக்குப் புதிதாக வாங்கித் தருவதில் எந்தத் தாழ்வும் கிடையாது. பூம்புகார் விற்பனை நிலையங்களில் நவராத்திரியை ஒட்டிப் பொம்மைக் கண்காட்சி நடக்கும். சென்னையில் மயிலாப்பூர் மாடவீதிக் கடைகள் உண்டு. செய்பவரிடமே வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. விலையைப் பேரம் பேசிக் குறைப்பதைவிட அவகாசம் கொடுத்து வாங்குவதே கைவினைஞருக்கு உதவும். அகலமான பட்டுப்பாய்க்கும் மணிவேலைக்கும் வாரக்கணக்கில் உழைப்பு தேவை. களிமண் பொம்மை வெயிலில் காய்ந்தாக வேண்டும் என்பதால் ஐப்பசி கார்த்திகை மழையில் வேலை மந்தமாகும். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் பொம்மைக்காரர்களுக்குத் தலைநிமிர நேரமிருக்காது. எனவே ஒரு வீட்டுக்கென்று தனியாகப் பொம்மை செய்யச் சொல்வதானால், பங்குனி சித்திரை வெயிலில் முன்பணத்தோடு போய்ச் சொல்லிவிட வேண்டும். அளவு, எந்தத் தட்டில் நிற்கப்போகிறது, எந்தச் சுவர் நிறத்துக்கு முன்னால் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்; முகத்தையும் கண்ணையும் எப்படித் தீட்டுவது என்பதை அவர்களிடமே விட்டுவிடலாம்.